மூத்தவன் மேடைக்கு வந்த நாள்

யூட், என் ராசா,

நாளைக் காலை நீ மட்டக்களப்புக்குப் புறப்படுகிறாய். அங்கிருந்து அட்டன், பிறகு கொழும்பு என்று ஒரு மாதப் பயணம். முப்பது வயதில் முதல் தடவையாக நான் இல்லாத ஊரில் நித்திரை கொள்ளப் போகிறாய். உன் பையை நேற்றே அடுக்கி முடித்தேன். அதன் பிறகும் மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டேன். எல்லாச் சட்டைகளிலும் தெறிகளை வெட்டி எடுத்து, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டி வைத்துத் தைத்திருக்கிறேன். இனிச் சட்டை போடுவதற்கு நீ எவரையும் கூப்பிடத் தேவையில்லை. இந்த வேலையை நான் பதினைந்து வருடத்துக்கு முன்னமே செய்திருக்கலாம். உனக்குத் தெறி பூட்டிவிடுவது என் கடமை என்று நினைத்தேனே தவிர, நீயே பூட்டிக்கொள்ள ஒரு வழி பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தையல்காரியாக இருந்தும் தோன்றவில்லை.

சொல்ல வேண்டியதை உனக்கு நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் "மருந்தை மறந்திடாதை, தண்ணியைக் குடி" என்பதற்கு அப்பால் நான் போகமாட்டேன். அதனால் எழுதுகிறேன். நீ கடைசி ஒத்திகைக்குப் போயிருக்கிறாய், அப்பா கடற்கரையில் நிற்கிறார், தையல் மெசினின் மூடிக்கு மேலே தாளை வைத்துக்கொண்டு இருக்கிறேன். இதை நீ மட்டும் வாசிக்க வேண்டும் என்றில்லை. கௌரியும் வாசிக்கட்டும், உன் நாடகக் குழுவில் உள்ள மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும். என்னைப்போல ஒரு தாய் எங்காவது இருந்தால் அவளுக்கும் வாசித்துக் காட்டு.

இடம்பெயர்ந்து சனத்தோடு சனமாக நாங்கள் நடந்த காலத்தில் நீ பிறந்தாய். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், இரண்டு சீலைகளைக் கட்டி மறைத்த மூலையில், இரண்டு நாள் நோவுக்குப் பிறகு பிறந்தாய். நீ அழவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் அழுதாய். உன் கைகால்கள் உன் சொற்படி நடக்காது என்றும், பேச்சு மிகவும் சுணங்கித்தான் வரும் என்றும் பிறகு வைத்தியர் சொன்னார். "ஆனால் அம்மா, பிள்ளையின்ரை புத்திக்கு ஒரு குறையும் இல்லை," என்றும் சொன்னார். முதல் சொன்னதை நம்பினேன். பின்னால் சொன்னதை நம்பவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் விட்டது என் முதல் பிழை. தங்கச்சி ஸ்ரெலா முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்து ரீச்சர் விளையாட்டு விளையாடுவாள். அவளுக்கு இருந்த ஒரே மாணவன் நீ. அது வெறும் விளையாட்டு என்றே நானும் அப்பாவும் நினைத்தோம். ஒரு நாள் பழைய பேப்பரில் சட்டைக் கைக்கு அளவு வெட்டிப் பாயில் போட்டிருந்தேன். நீ அதைப் பார்த்து ஏதோ சொல்லி முறைப்பட்டாய். பசிக்கிறது என்று நினைத்துச் சோறு கொண்டுவந்தேன். நீ தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் சொல்லி முடித்தாய்: "அம்மா, பாதிக் கதையை வெட்டிப் போட்டியள்." அப்போதுதான் உனக்கு வாசிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. உனக்குப் பதினொரு வயது.

இனி, ஐந்து வருடத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ அதை ஊருக்கே காட்டிவிட்டாய். ஆனாலும் என் கையால் நான் எழுத வேண்டும்.

மயிலிட்டியிலிருந்து ஸ்ரெலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரூபனும் அவருடைய தாயும் மாமனும். வீட்டில் உன்னைப்போல ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும், குடும்பத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று நினைப்பார்கள் என்று எனக்குப் பயம். உன்னிடம் கேட்டேன் என்று சொன்னால் அது பொய். சொன்னேன். "தம்பி, ஒரு மணித்தியாலம் தையலறைக்குள்ளை சத்தம் போடாமல் இரு. தங்கச்சிக்காக." நீ தலையை ஆட்டினாய். சத்தம் போடாமல் இருப்பது உனக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாதா? யாராவது எதிர்பாராமல் கதவைத் தட்டினாலே உன் உடம்பு துள்ளும், தொண்டை தானாக ஒரு சத்தம் எழுப்பும். மனம் பதறினால் அது இன்னும் கூடும். தெரிந்துகொண்டுதான் கதவைப் பூட்டினேன்.

ஸ்ரெலா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றபோது மாப்பிள்ளையின் தாய் கேட்டார்:

"உங்களுக்குப் பிள்ளையள் எத்தினை பேர்?"

"ஒண்டுதான்," என்றேன்.

ஸ்ரெலாவின் கையில் கோப்பைகள் கிலுங்கின. அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ விழுந்தது. கூடவே உன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம். மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள்.

"உள்ளுக்கை என்ன சத்தம்?"

"அது பூனை. மீன் மணத்துக்கு வந்திடும்," என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அப்பா எழும்பி வெளியே போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு கதவைத் திறந்தேன். நீ மெசினுக்குக் கீழே விழுந்து கிடந்தாய். நான் வெட்டி வைத்திருந்த பாவாடைத் துணியைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக் கடித்துக்கொண்டிருந்தாய். துணி நனைந்து, கடித்த இடம் கிழிந்திருந்தது. சொண்டில் இரத்தம். துணியை நான் இழுத்து எடுத்ததும் நீ முதலில் கேட்டது என்ன தெரியுமா? எவ்வளவு நேரம் எடுத்துக் கேட்டாய்! "அம்மா, அவைக்குத் தங்கச்சியைப் பிடிச்சிட்டுதோ?"

உன் தங்கச்சி என்னைவிட நல்லவள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே ரூபனுக்குப் போன் எடுத்து என் முன்னாலேயே சொன்னாள்: "எனக்கு ஒரு அண்ணை இருக்கிறார். அம்மா பொய் சொன்னவ. அண்ணையை வந்து பாக்காமல் நான் ஒண்டுக்கும் ஓம் சொல்ல மாட்டன்." அடுத்த நாளே ரூபன் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தார். உன் பக்கத்தில் பாயில் இருந்து உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போனார். கலியாணம் நடந்தது. ஆனால் நான் அப்போதும் திருந்தவில்லை. "பொடியனைக் கோயிலிலை பின் வாங்கிலை இருத்துங்கோ, சனம் கதைக்கும்," என்று ரூபனின் தாய், எங்கள் சம்மந்தி, சொன்னபோது சரி என்று உன்னைக் கடைசி வரிசையில் இருத்தினேன். ஸ்ரெலாவின் கலியாண அல்பத்தில் நீ ஒரு படத்திலும் இல்லை. உன்னைத் தேடி நான் அதைப் பல தடவை புரட்டியிருக்கிறேன்.

கௌரி எங்கள் வீட்டுக்கு வந்தது கலியாணம் முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு. உடுவில் ஊர்ப் பிள்ளை. சின்ன வயதில் செல் குண்டு விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்காலைப் போடவும் கழற்றவும் வசதியாக ஒரு காற்சட்டை தைக்க வேண்டும் என்று வந்தாள். அளவெடுக்கக் குனிந்தேன். அவள் காலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நான் தேத்தண்ணி குடிக்கிறன், நீங்கள் ஆறுதலா அளவெடுங்கோ அம்மா," என்றாள். உள்ளேயிருந்து நீ பெரிதாகச் சிரித்தாய்.

"உள்ளுக்கை ஆர் சிரிக்கினம்?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. "என்ரை மகன்," என்றேன்.

அவள் காலைப் பூட்டிக்கொண்டு உள்ளே வந்து உன் எதிரில் இருந்தாள். நீ பேசத் தொடங்கினாய். வழக்கம்போல நான் இடையில் புகுந்தேன். உன் முதல் எழுத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிடும் என்ற எண்ணம். முப்பது வருடத்தில் பாதியை உன் வசனங்களை நானே முடித்துக் கழித்திருக்கிறேன். "அவன் என்ன சொல்லுறான் எண்டால், உங்களுக்குக் கால் நோகுதோ எண்டு…" கௌரி கையைத் தூக்கினாள். "அம்மா, பொறுங்கோ. அவர் சொல்லி முடிக்கட்டும்." நீ சொல்லி முடித்தாய். நான் நினைத்ததற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவள் நாடகம் போடுகிற ஆள் என்று அவளுடைய பையில் இருந்த அச்சடித்த தாளைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாய். நீ கேட்டது இதுதான்: "உங்கடை குழுவுக்கு எழுதுறதுக்கு ஆள் வேணுமோ?" நீ போனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் கேம் விளையாடுகிறாய் என்றே நினைத்திருந்தேன். பதின்மூன்று கதைகள் எழுதி வைத்திருந்தாய். நான் அன்றுவரை ஒன்றையும் வாசித்திருக்கவில்லை.

அதன் பிறகு அப்பா கிழமைக்கு இரண்டு நாள் உன்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒத்திகைக்குப் போனார். நீ சாப்பிடும் விதம்கூட மாறியது; அவசரமாகச் சாப்பிட்டாய், போக வேண்டிய இடம் உள்ள மனிசனைப்போல. ஒரு பின்னேரம் என்னிடம் வந்து கேட்டாய்: "அம்மா, அண்டைக்குக் கட்டின பச்சைச் சீலை தாறியளோ? கௌரிக்கு வேணும்."

"எண்டைக்குக் கட்டினது?"

நீ தையலறைக் கதவைப் பார்த்தாய். எனக்கு விளங்கிவிட்டது. அப்போது நான் பேசியதை நீ மறந்திருக்கமாட்டாய். "பெத்த தாயைச் சனத்துக்கு முன்னாலை நாறடிக்கப் போறியோ? உன்னைத் தூக்கித் தூக்கி என்ரை முதுகு முறிஞ்சது இதுக்கோ?" என்று கத்தினேன். இரண்டு நாள் உனக்குச் சோறு தந்தேன், முகம் தரவில்லை. மூன்றாம் நாள் நீ போனை என் மடியில் வைத்தாய். "உங்களிலை கோவமெண்டால் எழுதியிருக்க மாட்டன். வாசிச்சுப் பாருங்கோ."

வாசித்தேன். பூனையும் இருந்தது, "ஒண்டுதான்" என்று சொன்னதும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு காட்சி எழுதியிருந்தாய். தாய் கதவைப் பூட்டுகிறாள். உள்ளே இருக்கும் மகனுக்குக் கதவின் கீழ் இடைவெளியில் அவளுடைய இரண்டு கால்கள் தெரிகின்றன. அந்தக் கால்கள் உடனே போகவில்லை. ஓரடி போகின்றன, திரும்பி வருகின்றன, நிற்கின்றன. வாசலில் மோட்டார் வாகனச் சத்தம் கேட்ட பிறகுதான் போகின்றன. ராசா, அன்று நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவடியில் நின்றது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பச்சைச் சீலையை எடுத்துத் தோய்த்து மடிப்புக் கலையாமல் மினுக்கி உன் கட்டிலில் வைத்தேன்.

கோயில் திருநாளுக்கு எங்கள் ஊரில் ஒவ்வொரு வருடமும் நாடகம் போடுவார்கள். நீயும் கௌரியும் அந்த மேடையைக் கேட்கப் போனபோது நானும் வந்தேன். விழாக்குழுத் தலைவர் நல்ல மனிசன்தான், எங்களுக்குக் கதிரை எல்லாம் எடுத்துப் போட்டார். "எங்களுக்கு இரக்கம் இல்லையெண்டில்லை. ஆனால் திருநாளிலை சனம் சந்தோசமா இருக்க வாறது. இதைப் பாத்துப் பாவப்பட்டுக்கொண்டு போகவோ? வேணுமெண்டால் தம்பியை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு அன்பளிப்புக் குடுப்பம்." நீ பதில் சொன்னாய்: "அன்பளிப்பு வேண்டாம். நாப்பது நிமிசம் தாங்கோ." அவருக்கு விளங்கவில்லை. மொழிபெயர்த்துச் சொல்லட்டும் என்று என்னைப் பார்த்தார். வாய் துடித்தது. ஆனால் சொன்னேன்: "அவன் சொல்லி முடிச்சிட்டான். விளங்கேல்லையெண்டால் அவனையே திருப்பிக் கேளுங்கோ." அவர் உன் பக்கம் திரும்பி, முதல் தடவையாக உன் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நீ திருப்பிச் சொன்னாய். மேடை கிடைக்கவில்லை. ஆனாலும் அன்று நான் வீட்டுக்கு நிமிர்ந்து நடந்து வந்தேன்.

அப்பா கதை முழுவதையும் கேட்டார். மடியில் இருந்த வலையை ஒரு பக்கம் வைத்தார். "ஏலக் கொட்டிலிலை போடுவம்," என்றார். "ஞாயிறு பின்னேரம் அங்கை மீன் ஏலம் இல்லை. நான் சங்கத்திலை கேக்கிறன்." வாழ்நாளில் எவரிடமும் ஒன்றும் கேட்டுப் போகாத மனிசன் உனக்காகக் கேட்டுப் போனார். அவரோடு கடலுக்குப் போகிறவர்கள் கொட்டகைச் சீமெந்துத் தரையைக் கடல் தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவினார்கள். எவ்வளவு கழுவியும் மீன் மணம் போகவில்லை. பழைய வள்ளப் பலகைகளில் அப்பாவே ஒரு கதவு செய்து மேடையின் நடுவில் நிறுத்தினார்.

கதவுக்கு ஒரு பக்கம் நாலு கதிரை, தேத்தண்ணிக் கோப்பைகள். மறுபக்கம் என் பழைய தையல் மெசினும் நீயும். சனம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் விடுப்புப் பார்த்து வம்பளக்க வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். "உவன் என்ன செய்யப் போறானாம்?" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி கேட்டாள். ஸ்ரெலாவும் ரூபனும் பேத்தியோடு வந்திருந்தார்கள். சம்மந்தியும் வந்திருந்தார். அவருக்குக் கதை இன்னதென்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

கௌரி என் பச்சைச் சீலையைக் கட்டிக்கொண்டு என்னைப்போலவே நடந்தாள். சீலைத் தலைப்பால் கதிரையைத் துடைக்கும் என் பழக்கத்தை எங்கே பார்த்தாளோ! சனம் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். விருந்தாளிகளின் பெருமைக் கதையும் என் பணிவுக் கதையுமாக நீ எழுதியிருந்த பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "உள்ளுக்கை என்ன சத்தம்?" "அது பூனை!" கொட்டகையே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கதவின் மறுபக்கத்தைச் சனம் பார்த்தது. நீ துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். உன் தோளும் கழுத்தும் உன் சொல்லைக் கேட்காமல் இழுத்தன, நீ இன்னும் இறுக்கிக் கடித்தாய். முன் வரிசையில் சிரிப்பு நின்றது. பிறகு அடுத்த வரிசையில் நின்றது. இந்தப் பக்கம் அவர்கள் இன்னும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கலியாணச் செய்தி கதைத்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்க இப்போது ஒருவரும் இல்லை.

நீ துணியைத் துப்பிவிட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாய். நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாய். இரண்டு அடி வைத்தாய், விழுந்தாய். முன் வரிசையில் இருந்த இரண்டு பேர் உன்னைத் தூக்க எழும்பினார்கள். கௌரி அவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். என் கால்கள் ஓடத் துடித்தன, ஸ்ரெலா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நீ உன்பாட்டில் எழும்பினாய். உனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்தாய். நடந்து வந்து விருந்தாளிக் கதிரையில் இருந்தாய். சனத்தைப் பார்த்தாய். வாய் கோணியது, கழுத்து இழுத்தது, சொல் வரவில்லை. ஒருவரும் அசையவில்லை. மீன் ஏலத்தில் காது கிழியக் கத்துகிற மனிசர் எல்லாம் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சொல் வந்தது.

"நான்… பூனை… இல்லை."

மூச்செடுத்தாய்.

"நான்… மூத்தவன்."

மாப்பிள்ளையின் தாயாக நடித்த பிள்ளை எழும்பிக் கௌரியிடம் மறுபடியும் கேட்டாள்: "உங்களுக்குப் பிள்ளையள் எத்தினை பேர்?" கௌரி பதில் சொல்லாமல் சனத்தைத் திரும்பிப் பார்த்தாள். நீ எழுதியபடி நாடகம் அங்கே முடிய வேண்டும். கேள்வியைச் சனத்திடம் விட்டுவிட்டு எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் எழும்பிவிட்டேன். யோசித்து எழும்பவில்லை.

"ரெண்டு!" என்று கத்தினேன். "எனக்கு ரெண்டு பிள்ளையள். உவன்தான் என்ரை மூத்தவன்!"

பிறகு நடந்ததை நீ மேடையில் இருந்து பார்த்தாய், எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கைதட்டல் போதாமல் கடற்தொழிலாளர் ஓரத்தில் அடுக்கியிருந்த மீன் பெட்டிகளில் அடித்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா முன்னால் போய் உன் கதிரைக்குப் பக்கத்தில் ஏறி நின்றார். பேத்தி "மாமா!" என்று கத்திக்கொண்டு மேடைக்கு ஓடினாள். நீ உடம்பு முழுவதாலும் சிரித்தாய்.

சனம் கலைந்த பிறகு சம்மந்தி என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "எனக்கு அண்டைக்கே தெரியும், பூனை இல்லையெண்டு," என்றார். "எப்பிடி?" என்றேன். "எங்கடை வீட்டிலையும் ஒரு அறை இருந்தது. என்ரை தங்கச்சி. எங்களைப் பாக்க ஆக்கள் வந்தால் அம்மா அவளை உள்ளுக்கை விட்டுப் பூட்டிப்போடுவா. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தெரிஞ்சும் நான் கேக்கேல்லை. பேந்து கலியாணத்திலை உங்கடை பிள்ளையைப் பின் வாங்கிலை இருத்தச் சொன்னதும் நான்தான்." அந்தத் தங்கச்சி இப்போதும் அவரோடுதான் இருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு வருடச் சம்பந்தத்தில் அவர் சொல்லவில்லை. நீங்கள் மயிலிட்டித் துறைமுகத்தடியில் அந்த நாடகத்தைப் போட்டபோது, ஐம்பது வயதைத் தாண்டிய அந்தப் பெண் நல்ல ஊதாச் சீலை கட்டி முன் வரிசையில் இருந்தார். சம்மந்தி அவருக்குப் பக்கத்தில் இருந்து, வந்தவர்கள் எல்லாருக்கும் "இது என்ரை தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உரும்பிராயில் போட்டபோது ஒரு தோட்டக்காரர், நடக்க முடியாத வளர்ந்த மகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். இந்த வருடம் விழாக்குழுத் தலைவர் எங்கள் வீட்டுப் படியேறி வந்து உன்னிடமே, உன் முகத்தைப் பார்த்து, திருநாள் மேடைக்கு வரச் சொல்லிக் கேட்டார். நீ ஓம் என்றாய், ஆனால் மேடைக்கு ஏறச் சரிவுப் பாதை கட்டித் தர வேண்டும் என்றாய். கட்டினார்கள். நாடகம் முடிந்த பிறகும் அது அங்கேயே இருக்கிறது. முதிய ஆட்கள் கைத்தடியோடு அதால்தான் ஏறுகிறார்கள்.

இனி நீ போகிற ஊர்களைப் பற்றி ஒரு தாய்க்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். நாடகம் முடிந்ததும் சிலர் உன் கையைப் பிடித்து, "உங்களைப் பாத்தால் எங்கடை கஸ்ரமெல்லாம் ஒண்டும் இல்லை எண்டு தெரியுது," என்பார்கள். அவர்கள் மனம் நோகப் பேசாதே, ஆனால் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நாடகம் எப்படி, எழுத்து எப்படி என்று கேள். நன்றாக இல்லை என்று யாராவது சொன்னால் சந்தோசப்படு, அவன்தான் உன்னை எழுத்தாளனாகப் பார்க்கிறான். உன் வசனத்தை யாராவது முந்திக்கொண்டு முடித்தால், பொறுத்திருந்து, உன் வசனத்தை நீ முடி. களைத்தால் களைத்துவிட்டது என்று சொல்லு. எல்லா நாளும் வெற்றி வீரனாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுக்காதே. நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தைப்பேன், ஆனாலும் எடுக்காதே.

கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழும்ப வேண்டி வந்தது. அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் புஷ்பம் வந்திருந்தா. பன்னிரண்டு வருடமாக என்னிடம் சட்டை தைப்பிக்கிறவ. நாரந்தனையில் இருக்கும் அக்காவின் மகளுக்கு என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொண்டுவந்து தருவா. முதல் சின்னக் கவுண், பிறகு பாவாடை சட்டை, பிறகு பெரிய பிள்ளையின் உடுப்பு. அந்தப் பிள்ளையை நான் ஒரு நாளும் கண்டதில்லை. இன்றைக்குப் புஷ்பம் கையில் அளவுச் சட்டை இல்லாமல் வந்து, வாசலில் நின்று அழுதா. "அக்காவின்ரை மகள் இல்லை அக்கா. என்ரை மகள்." ஓட்டோவுக்குள் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, நடக்க முடியாத இரண்டு கால்களையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தாள். இருவருமாக அவளைத் தூக்கி வந்து தையலறையில் இருத்தினோம்.

முதல் தடவையாக அவளை நேரில் வைத்து அளவெடுத்தேன். தோள் அளவு, நான் இவ்வளவு காலமும் தைத்ததைவிட ஒன்றரை அங்குலம் அகலம். பன்னிரண்டு வருடமும் அந்தப் பிள்ளை இறுக்கமான சட்டைக்குள் இருந்திருக்கிறாள். "ஏன் பிள்ளை ஒருக்காலும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "ஆரிட்டைச் சொல்லுறது?" என்றாள். பிறகு உன் நாடகத்தைப் போனில் ஏழு தரம் பார்த்ததாகச் சொன்னாள். "அண்ணை எனக்கு ஒரு பாகம் தருவாரோ?"

"அதை அண்ணையைத்தான் கேக்க வேணும். நான் சட்டை தைக்கிறவள்," என்றேன்.

"அப்ப மேடைக்குப் போடுற மாதிரித் தையுங்கோ," என்றாள்.

துணியை அவளே தெரிந்தெடுத்திருக்கிறாள், நல்ல நீலம். நீ திரும்பி வருவதற்குள் சட்டை தயாராகிவிடும். போகிற வழியில் நேரம் கிடைத்தால் அவளுக்கு ஒரு பாகம் எழுதிக்கொண்டு வா. சின்னதாக எழுதாதே. அந்தப் பிள்ளைக்குக் கதைக்க நிறைய இருக்கிறது.

உன் அம்மா